கோலாலம்பூரில் இசையமைத்துச் சம்பாதிக்க: தொடக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

14 ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்குத் தலைப்பு இசை போட்டுக் கொடுத்தேன். செந்தூலில் ஒரு வாடகை அறை, பழைய கீபோர்டு, நண்பனிடம் இரவல் வாங்கிய மைக். 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்கள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய தொகை. அடுத்த ஆண்டு அதே இசை நாடகத்தின் இரண்டாம் பருவத்திலும் வந்தது, அப்புறம் அதே தயாரிப்பாளர் எடுத்த ஒரு விளம்பரத்திலும் வந்தது. போய்க் கேட்டேன். "அதான் காசு குடுத்தாச்சே தம்பி" என்றார்கள். சட்டம் படித்த என் அத்தை மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுத்தில் எதுவும் இல்லை என்றதும், "சட்டமும் அவங்க பக்கம்தான்" என்றான்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவு. ஒருவர் உங்களிடம் கேட்டு, நீங்கள் செய்து கொடுத்த படைப்பின் பதிப்புரிமை, கேட்டவருக்கே மாற்றப்பட்டதாகக் கருதப்படும். அப்படி மாறாது என்றோ, இந்த அளவுக்குத்தான் மாறும் என்றோ இரு தரப்பும் ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டுமே நிலைமை வேறு. நம் ஊரில் இசையமைக்கும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் கீழே வருவதில் வேலை தேடும் வழிக்கு எவ்வளவு இடம் உண்டோ, எழுதி வாங்கும் வழிக்கும் அவ்வளவு இடம் உண்டு.

வேலை எங்கே இருக்கிறது

அரசு நிலையமான ஆர்டிஎம்மின் டிவி2-இலும் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகளிலும் வரும் நாடகங்கள், தொலைப்படங்கள்தான் எல்லோர் கண்ணுக்கும் முதலில் படும் வேலை. அவற்றின் தலைமையகங்கள் இருக்கும் அங்கசாபுரிக்கோ புக்கிட் ஜாலிலுக்கோ போய் வரவேற்பறையில் சிடி கொடுத்துவிட்டு வந்தால் வேலை வராது. நிலையம் ஒரு தயாரிப்பு நிறுவனத்திடம் நாடகத்தை ஒப்படைக்கிறது. இசைக்கு யார் என்பதைத் தயாரிப்பாளரும் இயக்குநரும் முடிவு செய்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் எடிட்டரிடம் கேட்பார்கள். அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து, இப்போது ஓடும் தமிழ் நாடகங்களின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். இயக்குநர், எடிட்டர், ஒலிக்கலவை செய்தவர், தயாரிப்பு நிறுவனம், இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 30 பெயர் சேர்ந்தால் அதில் பாதிப் பேர் திரும்பத் திரும்ப வருவது தெரியும். உங்கள் சந்தை அந்தப் பாதிதான்.

அடுத்தது விளம்பரமும் நிறுவன வீடியோக்களும். பெரிய நிறுவனங்கள் பண்டிகைதோறும் குறும்படம் வெளியிடும் நாடு இது. சீனப் புத்தாண்டு, ஹரி ராயா (நோன்புப் பெருநாள்), மெர்டேக்கா (சுதந்திர தினம்), தீபாவளி என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கும். நம்மைத் தீபாவளிக்கு மட்டும் கூப்பிடுவார்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள். மலாய் இசையில் வரும் கொம்பாங், கமெலான் வாத்திய ஒலிகளைக் கற்றுக்கொண்டு ஒரு ராயா மாதிரியும், எந்த இனத்துக்கும் பொதுவாக ஒரு நிறுவன வீடியோ மாதிரியும் தயாராக வைத்திருங்கள். மிருதங்கமும் தெரிந்து கொம்பாங்கும் தெரிந்த ஆள் விளம்பரக்காரர்களுக்குக் கிடைப்பது அரிது.

தனிப் பாடகர்களும் பக்திப் பாடல்களும் வேறு ஓர் உலகம். தைப்பூசத்துக்கு முன் முருகன் பாடல்கள் வரிசையாக வெளிவரும், உருமி மேளக் குழுக்களும் புதிதாக ஒலிப்பதிவு செய்வார்கள். உருமியைப் பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. அடித் தோலின் உறுமல் மைக்கை நிரப்பிவிடும். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, தவிலைத் தனியாக எடுத்தால்தான் பாட்டுக்கு இடம் கிடைக்கும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் குழுக்கள் ஒன்றிடம் ஒன்று சொல்லியே உங்களைத் தேடி வரும்.

நடனத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1981இல் தொடங்கிய, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், 1983இல் ரம்லி இப்ராஹிம் தொடங்கிய சூத்ரா போன்ற பெரிய இடங்கள் ஒரு பக்கம். கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு எங்கும் வீட்டு முன்கூடத்தில் பரதம் சொல்லித்தரும் ஆசிரியைகள் மறுபக்கம். அரங்கேற்றம், சலங்கை பூஜை, ஆண்டு விழா என்று அவர்களுக்குப் புதிய இசை தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே நிபந்தனை, ஜதி, அதாவது நடனத்தின் தாளச் சொற்கட்டு, தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்பதால் ஓராண்டு ஒரு நட்டுவாங்க ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்றேன். அந்த ஓராண்டு இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

கணினி விளையாட்டுப் பக்கம் போக விரும்பினால், அரசின் டிஜிட்டல் பொருளாதார நிறுவனமான எம்டெக் நடத்தும் லெவல் அப் கேஎல் நிகழ்வுக்குப் போய் ஆட்களைச் சந்தியுங்கள். விளையாட்டுக்குள் இசையைப் பொருத்தும் எஃப்மோட் அல்லது வைஸ் மென்பொருளில் ஒன்றைப் பழகிக்கொண்டு போவது நல்லது. நிகழ்வுக்கு ஏற்ப மாறும் இசையை எப்படி அமைப்பது என்று அங்கே கேட்பார்கள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பட்டர்வொர்த் பையன், அதனால் சொல்கிறேன். தீவில் தொலைக்காட்சி வேலை குறைவு. நடனம், கோவில், 2010 முதல் நடக்கும் ஜார்ஜ்டவுன் விழாவைச் சுற்றிய மேடை வேலைகள், அறிவியல் பல்கலைக்கழக மாணவர் படங்கள், இவைதான் வழி. ஊரை விட்டு வர வேண்டியதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் 4 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து, மூன்று நாள் தங்கி, ஆட்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம்.

மாதிரி இசை

மூன்று துண்டு போதும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஒன்று வசனத்துக்கு அடியில் அமைதியாக ஓடுவது, ஒன்று பாட்டு, ஒன்று விளம்பரத் துள்ளல். பத்துத் துண்டு அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் 10 நொடியில் விஷயம் வந்துவிட வேண்டும், மெதுவாக ஏறும் தம்புராவை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வசன இசை மாதிரிதான் இவற்றில் முக்கியம். அதைப் படத்தோடு காட்ட வேண்டும், பேச்சுக்கு வழிவிடத் தெரியுமா என்றுதான் இயக்குநர் பார்க்கிறார். புகழ்பெற்ற படத்தின் காட்சியை எடுத்து அதற்கு இசை போட்டு இணையத்தில் ஏற்றாதீர்கள். காட்சி உங்களுடையது இல்லை என்பதால் ஒருநாள் அது காணாமல் போகும். தேசியக் கலைக் கல்லூரியான அஸ்வாராவிலும் மற்றத் திரைப்படக் கல்லூரிகளிலும் மாணவர்கள் குறும்படம் எடுத்துவிட்டு இசைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டே இரண்டு படத்துக்கு இலவசமாகச் செய்யுங்கள், பெயர் போடுவதும் காட்சியை மாதிரியாகப் பயன்படுத்துவதும் நிபந்தனை. மூன்றாவது படத்துக்குச் சின்னத் தொகையாவது கேளுங்கள். அந்த மாணவர்களில் ஒருவர் ஐந்து ஆண்டில் இயக்குநராக வந்து நிற்பார். என் வேலையில் பாதி அப்படி வந்தது.

இணைப்பைத் தட்டினால் உடனே ஒலிக்க வேண்டும். பதிவிறக்கச் சொன்னால் விட்டுவிடுவார்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் ஒரு முறை கேளுங்கள், அவர்களும் மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

ஆட்களை அணுகுவது

"எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்ற செய்தி எல்லோருக்கும் தினமும் வருகிறது. அவர் செய்த வேலையைப் பார்த்தேன் என்பது செய்தியில் தெரிய வேண்டும். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் அண்ணே. போன வாரம் வந்த உங்கள் நாடகத்தில் மருத்துவமனைக் காட்சியை இசையே இல்லாமல் விட்டிருந்தீர்கள். அந்த இடம் மனதில் நின்றுவிட்டது. நான் இசையமைக்கிறேன். குடும்பக் காட்சி ஒன்றுக்கு நான் செய்த ஒரு நிமிட இசை இந்த இணைப்பில் இருக்கிறது. எடிட் செய்யும்போது தற்காலிகமாக வைத்துப் பார்க்க இசை தேவைப்பட்டால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். எடிட்டர்கள் வெட்டும்போது எங்கிருந்தோ எடுத்த இசையைத் தற்காலிகமாக வைத்து வெட்டுவார்கள். இயக்குநர் அதையே இருபது முறை கேட்டு அதன் மேல் ஆசை வைத்துவிடுவார். அப்புறம் வருகிற இசையமைப்பாளரிடம் "அதே மாதிரி வேணும்" என்பார். அந்தத் தற்காலிக இசை உங்களுடையதாக இருந்தால்? 20 துண்டுகளை சோகம், பதற்றம், கலகலப்பு, பயணம் என்று பெயரிட்டு ஒரு கோப்புறையில் போட்டு, நம்பிக்கையான மூன்று நான்கு எடிட்டர்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் "தற்காலிகம் மட்டும், ஒளிபரப்புக்கு முன் அழைக்கவும்" என்று உங்கள் எண்ணோடு எழுதுங்கள். எனக்கு மிக அதிகமாகப் பலன் தந்த ஒரே உத்தி இது.

பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை, புது மாதிரியோடு. அதற்கும் இல்லை என்றால் ஆறு மாதம் விட்டுவிடுங்கள்.

விலை

"எவ்வளவு கேட்கலாம்?" என்று தம்பிகள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது, "உனக்கு மாதம் எவ்வளவு வேணும்?" வாடகை, கார் தவணை, சாப்பாடு, மென்பொருள் எல்லாம் சேர்த்து 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 12 நாள்தான் காசு வரும் வேலை நடக்கும். மற்ற நாள் ஆள் பார்ப்பதிலும் திருத்தத்திலும் போகும். 4,000ஐ 12ஆல் வகுத்தால் சுமார் 333. அதை 350 என்று வைத்தால் உங்கள் ஒரு நாள் விலை கிடைத்துவிட்டது.

இப்போது 90 நொடித் தீபாவளி வீடியோ ஒன்று வருகிறது என்று வையுங்கள். உங்கள் வேலை 4 நாள், 1,400. பாடகி 400. நாதஸ்வரக் கலைஞர் 300. ஒலிப்பதிவுக் கூடம் மணிக்கு 80 வீதம் 3 மணி நேரம், 240. கலவை 300. மொத்தம் 2,640. எண்கள் உதாரணத்துக்குத்தான், முறை எல்லா வேலைக்கும் பொருந்தும். இந்தத் தொகை இசையைச் செய்து முடிப்பதற்கு. அதைப் பயன்படுத்துவதற்கு உரிமம் தனி வரியாக வர வேண்டும். ஓராண்டு, இணையத்தில் மட்டும் என்றால் 800 என்று வையுங்கள், மொத்தம் 3,440. தொலைக்காட்சியும் வேண்டும், மூன்று ஆண்டு வேண்டும் என்றால் அந்த ஒரு வரி மட்டும் ஏறும்.

"பட்ஜெட் இல்லை பாஸ்" என்று கட்டாயம் சொல்வார்கள். நாள் விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். நாதஸ்வரத்தை எடுத்துவிடலாம், உரிமத்தை ஆறு மாதமாக்கலாம். விலையை மட்டும் குறைத்துக்கொண்டால் அடுத்த முறை பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

எழுதி வாங்குவது

இரண்டு பக்கம் போதும், ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கலாம். வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் நம்பி இறங்காதீர்கள், இருவரும் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் கேட்டுச் செய்த வேலைக்கு 26ஆம் பிரிவே மாற்றத்தைச் செய்துவிடுகிறது. அதனால் எழுத வேண்டிய பொறுப்பு நம் தலையில்தான்.

முதல் வரி இப்படி இருக்கட்டும்: இசையின் பதிப்புரிமை இசையமைப்பாளரிடமே இருக்கும், 26ஆம் பிரிவின்படி மாற்றம் நிகழாது, வாடிக்கையாளருக்குக் கீழ்க்கண்ட பயன்பாட்டுக்கு உரிமம் மட்டும் தரப்படுகிறது. அடுத்து அந்தப் பயன்பாடு: எந்த வீடியோ, எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை காலம். அப்புறம் முன்பணம் 50 விழுக்காடு, இரண்டு திருத்தம் வரை இலவசம், மூன்றாவதிலிருந்து நாள் விலை, வேலை பாதியில் நின்றால் அதுவரைக்குமான கூலி, மீதிப் பணம் வந்த பிறகே உரிமம் தொடங்கும் என்ற ஒரு வரி. பெயர் எப்படிப் போடப்பட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். படைத்தவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது, எழுத்துப்பிழையோடு பெயர் வருவதை அது தடுக்காது.

சில பெரிய வாடிக்கையாளர்கள் முழு உரிமையும் வேண்டும் என்பார்கள். அதில் தவறில்லை, விலை வேறு. உரிம விலையைப் போல் பல மடங்கு கேளுங்கள், ஒளிபரப்பிலிருந்து வரும் ராயல்டியில் இசையமைப்பாளர் பங்கு உங்களுக்கே என்று ஒரு வரி சேருங்கள். பாடகியிடமும் நாதஸ்வரக் கலைஞரிடமும் நீங்களும் இதேபோல் ஒரு தாள் வாங்க வேண்டும். நமக்குச் செய்ததை நாம் மற்றவருக்குச் செய்யக் கூடாது.

பதிப்புரிமை கிடைக்க எங்கும் பதிய வேண்டியதில்லை, படைத்ததும் உண்டாகிறது. விரும்பினால் அறிவுசார் சொத்துக்கான அரசு அமைப்பான மைஐபிஓவில் அறிவிப்புச் செய்யலாம். தலைப்பு இசை போல நீண்ட நாள் வாழக்கூடியவற்றுக்கு நான் செய்துவிடுவேன்.

வேலை நடக்கும்போது

படம் வெட்டி முடிந்த பிறகு இயக்குநரோடு உட்கார்ந்து, எங்கே இசை தொடங்கும், எங்கே நிற்கும் என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். படம் இன்னும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தால் இசையைத் தொடங்க வேண்டாம். மூன்று நொடி வெட்டினால் உங்கள் தாளம் எல்லாம் நகரும்.

ஒப்படைக்கும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகள். இங்கே படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 சட்டகம், இருந்தாலும் கேட்டு உறுதி செய்யுங்கள். முழுக் கலவையோடு தாளம், நரம்பு வாத்தியம், குரல், மற்றவை என்று பிரித்த தடங்களையும் கொடுத்தால் வசனம் மோதும் இடத்தில் ஒலிக்கலவைக்காரரே சரிசெய்துகொள்வார். அவர்தான் அடுத்த தயாரிப்பாளரிடம் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லப்போகிறவர். கூடவே ஒவ்வொரு இசைத் துண்டின் பெயர், நீளம், இசையமைப்பாளர் பெயர் கொண்ட பட்டியல். ராயல்டி இந்தப் பட்டியலை வைத்துத்தான் வரும்.

வேலை முடிந்த பிறகும் வரும் காசு

மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகளில் உங்கள் பாட்டு ஒலித்தால் காசு வர வேண்டும். அதை வசூலித்துத் தருவது எம்ஏசிபி என்ற அமைப்பு. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் மூவருக்கும் உரியது. உறுப்பினராகி ஒவ்வொரு பாடலையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும், பதியாத பாட்டுக்குப் பணம் உங்களைத் தேடி வராது. பதிவின் உரிமையாளருக்கும் பாடியவர்களுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. சொந்தமாகப் பாட்டு வெளியிடுபவர் அவற்றையும் பார்க்க வேண்டும்.

ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோகச் சேவை போதும். வாடிக்கையாளருக்கு உரிமம் கொடுத்த இசையை, பாட்டைத் தானாக அடையாளம் கண்டு உரிமை கோரும் யூடியூபின் கண்டென்ட் ஐடியில் போடும்போது கவனம். அவருடைய வீடியோவுக்கே உரிமைக் கோரிக்கை போய்விடும், நட்பும் கெடும். அவர் அலைவரிசையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போடுங்கள். விலைக்கு வாங்கிய ஆயத்த ஒலித் துண்டுகளை (லூப்) வைத்துச் செய்த இசையை அதில் போடவே கூடாது.

மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் இல்லை. அதனால் யூடியூபில் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வரும் பங்கில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்ளப்படும். கணக்குப் போடும்போது அதைக் கழித்துவிட்டே போடுங்கள்.

பதிவும் வரியும்

நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனியாள் வணிகமாகப் பதியுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60. தயாரிப்பு நிறுவனக் கணக்குப் பிரிவுகள் பல இந்தப் பதிவு எண் இல்லாமல் பணம் போடாது. வருமான வரிக்குப் படிவம் பி, கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கலைஞர்களுக்குக் கொடுத்த கூலி, கூட வாடகை, மென்பொருள் எல்லாம் செலவுக் கணக்கில் வரும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் கலைத் துறைக்கும் இடம் உண்டு, சேர்ந்துவிடுங்கள். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் நாம் போடும் பணத்தோடு அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது.

2017இல் தொடங்கிய செண்டானா என்ற கலை வளர்ச்சி அமைப்பு சுயாதீனக் கலைஞர்களுக்கு நிதி கொடுத்துவருகிறது. விண்ணப்பம் திறக்கும் நேரம் பார்த்து, சொந்த ஆல்பத்துக்கு முயலுங்கள்.

காசு வராதபோது

முதலில் தொலைபேசி, அடுத்த வாரம் மின்னஞ்சல், அதற்கடுத்து ஒப்பந்த வரியைக் குறிப்பிட்டு உரிமம் இன்னும் தொடங்கவில்லை என்ற கடிதம். நான் பார்த்தவரை இந்தக் கடிதத்துக்குப் பிறகு பெரும்பாலும் பணம் வந்துவிடும், ஒளிபரப்பாகும் வீடியோவில் உரிமச் சிக்கல் இருப்பதை எந்த வாடிக்கையாளரும் விரும்பமாட்டார். அதற்கும் வராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். தொகைக்கு வரம்பு உண்டு, வழக்கறிஞர் தேவையில்லை, நாமே போய்ப் பேசலாம். கையெழுத்துப் போட்ட தாளும் ஒப்படைத்த மின்னஞ்சலும் கையில் இருந்தால் பேச அதிகம் இருக்காது.

எப்போது தேட வேண்டும்

தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். விளம்பரக் கதை ஜூலை, ஆகஸ்டில் பேசப்படும், இசைக்கு ஆள் செப்டம்பரில் அவசரமாகத் தேடப்படுவார். செப்டம்பரில் அறிமுகம் செய்துகொண்டால் தாமதம். ஜூனில் மாதிரி போயிருக்க வேண்டும். மெர்டேக்காவுக்கு மே மாதம். தைப்பூசப் பாடல்களுக்குத் தீபாவளி முடிந்த கையோடு உருமிக் குழுக்களைப் பார்க்க வேண்டும். ஹரி ராயா ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அதற்கான தேதியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். நடன ஆசிரியைகளைப் பள்ளி விடுமுறைக்கு நான்கு மாதம் முன்பே பாருங்கள், மாணவிகள் ஒத்திகை தொடங்கும்போது இசை கையில் இருக்க வேண்டும்.

அந்த 30 பெயர் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடைசியாகப் பேசிய தேதியை எழுதி வாருங்கள். மூன்று மாதம் தாண்டிய பெயர் எதுவோ, நாளைக் காலை முதல் அழைப்பு அவருக்கு.